ரத்தத்தில் ஓர் எண்: புரோஸ்டேட் புற்றுநோயைப் பின்தொடரக் கற்றுக்கொடுத்த சார்ல்ஸ் ஹக்கின்ஸ்

உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ புரோஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவரா? அப்படியென்றால் உங்கள் வீட்டில் ஓர் எண் அடிக்கடி பேசப்பட்டிருக்கும். போன தடவை 0.03, இந்தத் தடவை 0.05 என்று. ரத்தம் கொடுத்த நாளிலிருந்து முடிவு வரும் வரைக்கும் யாருக்கும் சாப்பாடு சரியாக இறங்காது. எண் ஏறவில்லை என்று தெரிந்ததும் அன்றைக்கு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அந்த எண்ணுக்குப் பெயர் பிஎஸ்ஏ. சிகிச்சை முடிந்த பிறகு நோய் திரும்பி வருகிறதா என்று பார்க்க மருத்துவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஸ்கேன் எல்லாம் அப்புறம்தான்.

ஒரு சின்ன ரத்தக் குப்பியை வைத்துக்கொண்டு, உடம்புக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கும் புரோஸ்டேட் செல்கள் என்ன செய்கின்றன என்று எப்படிச் சொல்ல முடிகிறது? இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

அதற்கு நீங்கள் சுமார் 85 ஆண்டு பின்னால் போக வேண்டும். சிகாகோவில் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர், கொஞ்சம் நாய்கள், ஒரு சோதனைக்கூடம். அவர் பெயர் சார்ல்ஸ் ஹக்கின்ஸ். 1966இல் நோபெல் பரிசு வாங்கியவர். மருத்துவம் படிப்பவர்களுக்கு இவரைத் தெரியும். மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் உங்கள் தாத்தாவின் சிகிச்சையில் இவர் கை இருக்கிறது.

மருந்துக்கடைக்காரர் மகன்

ஹக்கின்ஸ் பிறந்தது 1901 செப்டம்பர் 22. ஊர், கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ். அப்பா மருந்தாளர். பையன் படிப்பில் கெட்டி. 19 வயதுக்குள் அகேடியா பல்கலைக்கழகத்தில் பட்டம், 1924இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம். அதன் பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைப் பயிற்சி. அங்கே அறுவை சிகிச்சைக் கூடத்தில் தாதியாக இருந்த மார்கரெட் வெல்மனைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டார்.

1927இல் சிகாகோ பல்கலைக்கழகம் புதிதாக ஒரு மருத்துவப் பள்ளியைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. ஆசிரியர்களாக முதலில் சேர்ந்த சிலரில் 25 வயது ஹக்கின்ஸும் ஒருவர். அங்கே ஒரு வித்தியாசமான ஏற்பாடு. மருத்துவர்கள் வெளியே தனியாகத் தொழில் பார்த்துப் பணம் சேர்க்க வேண்டாம், முழு நேரச் சம்பளம் தருகிறோம், நோயாளியைப் பாருங்கள், பாடம் நடத்துங்கள், ஆராய்ச்சி செய்யுங்கள் என்றார்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் ஹக்கின்ஸுக்கு இதுதான் எல்லாமே. காலையில் நோயாளி, மதியம் சோதனைக்கூடம் என்று ஒரே கட்டடத்துக்குள் ஒரு மருத்துவர் போய்வர முடிந்ததால்தான் இந்தக் கதையே நடந்தது.

அறுவை சிகிச்சைத் துறையின் தலைவர் டாலஸ் ஃபெமிஸ்டர். சிறுநீர்ப் பாதை மருத்துவத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஹக்கின்ஸிடம் சொல்லிவிட்டார். ஹக்கின்ஸுக்கோ அந்தத் துறையில் பெரிய பயிற்சி எதுவும் கிடையாது. பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தானே படித்துக்கொண்டார். இன்றைக்கு ஒருவர் இப்படி ஒரு துறைக்குப் பொறுப்பு ஏற்க முடியுமா? வாய்ப்பே இல்லை.

ஆனால் அவர் மனம் முழுக்க ஆராய்ச்சியில். 1931இல் ஐரோப்பாவுக்குப் போனார். லண்டனில் லிஸ்டர் கழகத்தில் ராபர்ட் ராபிசன் என்ற வேதியியலாளர் இருந்தார். எலும்பு வளரும் இடத்தில் பாஸ்பட்டேஸ் என்ற நொதி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர். பெர்லினில் ஒட்டோ வார்பர்க். அவர் அந்த ஆண்டே நோபெல் பரிசு வாங்கினார். இவர்களிடம் போய் நின்று ஹக்கின்ஸ் கற்றுக்கொண்டது, உடம்பில் நடப்பதை வேதியியலாக, எண்ணாகப் பார்க்கும் பழக்கத்தை.

நொதி என்றால் என்ன என்று யோசிக்கிறீர்களா? பள்ளியில் என்சைம் என்று படித்திருப்பீர்களே, அதேதான். பாஸ்பட்டேஸ் என்பது கத்திரிக்கோல் மாதிரி. மற்ற மூலக்கூறுகளில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கத்தரித்து எடுக்கும். இதில் இரண்டு வகை நம் கதைக்கு வேண்டும். ஒன்று காரத்தன்மை உள்ள இடத்தில் வேலை செய்வது. இது எலும்பில் நிறைய உண்டு. இன்னொன்று அமிலத்தன்மை உள்ள இடத்தில் வேலை செய்வது. இந்த அமில பாஸ்பட்டேஸை மறந்துவிடாதீர்கள்.

சரி, நாய் எங்கே வந்தது?

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் இருக்கும் ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, வால்நட் கொட்டை அளவில் இருக்கும். விந்தோடு சேரும் நீரில் ஒரு பகுதியை இது சுரக்கிறது. வயதானால் இது வீங்கும், சிறுநீர் போகச் சிரமப்படுத்தும். சிலருக்கு அதில் புற்றுநோய் வரும்.

இந்த நீரில் என்னென்ன இருக்கிறது, எப்போது அதிகம் சுரக்கிறது என்று ஹக்கின்ஸ் அளக்க விரும்பினார். மனிதர்களிடம் அதைச் செய்ய முடியாது. நாயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மனிதனைப் போலவே வயதானதும் புரோஸ்டேட் வீங்குவதும் கட்டி வருவதும் நாய்களுக்கு உண்டு. எலி, முயல் போன்ற மற்ற சோதனைக்கூட விலங்குகளில் அது மிக அரிது.

1939 வாக்கில் அவர் ஒரு சாமர்த்தியமான அறுவை சிகிச்சையை வடிவமைத்தார். நாயின் சிறுநீர் வேறு வழியாக வெளியேறும். புரோஸ்டேட் சுரக்கும் நீர் மட்டும் கலப்படமில்லாமல் தனியாகச் சேகரமாகும். இன்றைக்கு இத்தனை மில்லிலிட்டர், நாளைக்கு இத்தனை என்று மாதக்கணக்கில் ஒரே நாயில் அளக்கலாம்.

அளந்தார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டெரோனைக் கொடுத்தால் சுரப்பு ஏறியது. பெண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் இறங்கியது. விதைகளை அகற்றினால் சுரப்பு நின்றேபோனது. காளைக்கும் கிடாவுக்கும் காயடிப்பது நம் ஊர்களில் காலங்காலமாக நடப்பதுதான். அப்படிச் செய்த விலங்குகளின் புரோஸ்டேட் சிறுத்துப்போகும் என்று ஜான் ஹன்டர் என்ற மருத்துவர் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதியும் வைத்திருந்தார். ஹக்கின்ஸ் செய்தது அதை எண்களாக மாற்றியது.

இந்த இடத்தில்தான் ஒரு தொந்தரவு வந்தது. சோதனைக்கு எடுத்த வயதான நாய்கள் சிலவற்றுக்கு ஏற்கெனவே புரோஸ்டேட்டில் கட்டி. கணக்கெல்லாம் குழம்பியது. எரிச்சல்தான். வேறு யாராக இருந்தாலும் அந்த நாய்களை ஒதுக்கிவிட்டு நல்ல நாயாகப் பார்த்திருப்பார்கள். ஹக்கின்ஸ் ஒதுக்கவில்லை. கட்டி உள்ள நாய்க்கு விதைகளை அகற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தார். கட்டி சுருங்கியது.

இது ஏன் பெரிய செய்தி? புற்றுநோய்ச் செல் என்பது உடம்பின் எந்தக் கட்டளைக்கும் அடங்காத முரடன், அது தன் இஷ்டத்துக்கு வளரும் என்றுதான் அப்போது பெரும்பாலானவர்கள் நம்பினார்கள். ஒரு ஹார்மோனை நிறுத்தினால் கட்டி சுருங்குகிறது என்றால், அந்த முரடனும் எங்கேயோ சாப்பாட்டுக்குக் கையேந்தித்தானே நிற்கிறான்?

ரத்தத்தில் கசிந்த சாட்சி

இதே காலத்தில் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கட்மன், எத்தல் கட்மன் தம்பதி இன்னொரு முனையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். புரோஸ்டேட்டில் அமில பாஸ்பட்டேஸ் மிக அதிகம் என்பது 1935இல் ஜெர்மனியில் தெரியவந்திருந்தது. புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய நோயாளிகளில், அந்த எலும்புக் கட்டியிலும் இதே நொதி நிறைந்திருப்பதைக் கட்மன் குழு 1936இல் காட்டியது. 1938இல் அதற்கு அடுத்த படி: அப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்திலும் அது ஏறியிருக்கிறது.

நன்றாகக் கவனியுங்கள். சாதாரணமாக இந்த நொதி சுரப்பியின் குழாய்களுக்குள்ளேயே இருந்து வெளியேறிவிடும். புற்றுநோய்ச் செல் எலும்பில் போய்க் குடியேறினால் அங்கே குழாய் கிடையாது. செய்யும் நொதியை ரத்தத்தில்தான் கொட்ட வேண்டும். ஆக, ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் எங்கேயோ புரோஸ்டேட் செல்கள் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கின்றன என்று அர்த்தம்.

ஹக்கின்ஸ் இரண்டையும் சேர்த்தார். பாஸ்பட்டேஸ் அவருக்கு லண்டனிலேயே பழக்கமான ஆள். நாயில் ஹார்மோனின் ஆட்டத்தைப் பார்த்தாயிற்று. இனி மனிதர்கள்.

அந்தக் காலத்தில் புரோஸ்டேட் புற்றுநோயோடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் நிலைமையை நீங்கள் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனை எதுவும் இல்லை. பெரும்பாலோர் வரும்போதே நோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருக்கும். படுத்தால் வலி, திரும்பினால் வலி. மார்ஃபின்தான் துணை. செய்வதற்கு வேறொன்றும் இல்லை என்று மருத்துவர்கள் கைவிரித்துவிடுவார்கள்.

ஹக்கின்ஸும் அவரோடு வேலை செய்த கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் இப்படிப்பட்டவர்களுக்கு விதைகளை அகற்றினார்கள். சிலருக்கு அறுவை சிகிச்சைக்குப் பதிலாக ஈஸ்ட்ரோஜன். முன்னும் பின்னும் ரத்தம் எடுத்து அமில பாஸ்பட்டேஸை அளந்தார்கள். எண் சரிந்தது, பலருக்குச் சில நாள்களிலேயே. அதோடு வலியும் குறைந்தது. படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள், பசிக்கிறது என்றார்கள்.

கார பாஸ்பட்டேஸையும் கூடவே அளந்தார்கள். அது உடனே இறங்கவில்லை. கொஞ்ச நாள் ஏறிவிட்டு, மாதக்கணக்கில்தான் மெல்ல இறங்கியது. எலும்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்வதன் அடையாளம் அது. ஒரே ரத்தத்தில் இரண்டு எண்கள். ஒன்று எதிரி பின்வாங்குவதைச் சொன்னது, இன்னொன்று வீடு திரும்பக் கட்டப்படுவதைச் சொன்னது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நோபெல் பரிசைவிட இது பெரிதாகப் பட்டது.

இன்னொன்றும் செய்தார்கள். சில நோயாளிகளுக்கு டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டுப் பார்த்தார்கள். எண் விறுவிறுவென ஏறியது. ஹார்மோன்தான் காரணம் என்று நிரூபிக்க அது வலுவான சான்று, உண்மைதான். ஆனால் நோயை ஊக்குவிக்கும் என்று சந்தேகிக்கும் ஒன்றையே நோயாளிக்குக் கொடுப்பதை இன்றைக்கு எந்த மருத்துவ நெறிமுறைக் குழுவும் லேசில் அனுமதிக்காது. ஹக்கின்ஸைப் பற்றி எழுதும் பலர் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் கடக்க வேண்டாம்.

1941இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. அப்போது அவருக்கு 39 வயது. ஈஸ்ட்ரோஜன் போல் வேலை செய்யும் ஸ்டில்பெஸ்ட்ரோல் என்ற செயற்கை மருந்தை லண்டனில் எட்வர்ட் டாட்ஸ் குழு 1938இல்தான் உருவாக்கியிருந்தது. மலிவான மாத்திரை. வாயில் போட்டு விழுங்கும் ஒரு மருந்தால் பரவிய புற்றுநோயைக் கட்டுப்படுத்த முடியும் என்பது அதற்கு முன் யாரும் பார்த்திராத விஷயம். அந்த மாத்திரைக்குப் பக்கவிளைவுகள் உண்டு, இதயத்துக்குக் கேடு என்பதெல்லாம் பின்னாளில் தெரிந்தது. ஆனால் கதவு திறந்துவிட்டது.

ஹக்கின்ஸ் அதோடு விடவில்லை. அந்த நொதியை அளப்பதே அப்போது மெனக்கெட்ட வேலை. பால் தலாலே என்ற இளம் மாணவருடன் சேர்ந்து 1945இல் ஒரு சுலபமான வழியை வெளியிட்டார். நொதி தன் வேலையைச் செய்தால் திரவத்தில் நிறம் வரும். எவ்வளவு நிறமோ அவ்வளவு நொதி. நிறத்தைப் பார்த்து அளக்கும் இந்த உத்தி மருத்துவமனைச் சோதனைக்கூடங்களில் அப்புறம் சர்வசாதாரணமாகிவிட்டது.

எண் திரும்ப ஏறியபோது

கதை இங்கேயே முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருந்திருக்கும். முடியவில்லை.

முதலில் நன்றாகத் தேறியவர்கள் பலருக்கு, ஓரிரு ஆண்டு கழித்து வலி திரும்பியது. ரத்தத்தில் அந்த எண்ணும் ஏறத் தொடங்கியது. சிலர் பத்தாண்டுக்கும் மேல் நன்றாக வாழ்ந்தார்கள்; ஆனால் அவர்கள் சிலர்தான். ஹார்மோன் இல்லாமலே வாழப் புற்றுநோய் பழகிக்கொள்கிறது என்பதை உலகம் கண்டுகொண்டதும் இதே ரத்தப் பரிசோதனை மூலமாகத்தான்.

விதைகளை எடுத்த பிறகும் உடம்பில் எங்கேயோ ஆண் ஹார்மோன் மிச்சம் இருக்கிறதோ? ஹக்கின்ஸின் சந்தேகம் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் மேல் விழுந்தது. 1945இல் வில்லியம் ஸ்காட்டுடன் சேர்ந்து சில நோயாளிகளுக்கு அந்த இரண்டு சுரப்பிகளையும் அகற்றினார். அட்ரினல் இல்லாமல் மனிதனால் உயிர் வாழ முடியாது. அது தரும் ஹார்மோனுக்கு ஈடாகக் கொடுக்க அப்போது சரியான மருந்து இல்லை. நோயாளிகள் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. கார்ட்டிசோன் மருந்து கைக்கு வந்த பிறகு, 1950களின் தொடக்கத்தில்தான் அவரால் அதை மறுபடி முயல முடிந்தது.

அவசரப்பட்டாரா? அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் யூகம் தப்பில்லை. அட்ரினலிலும் கட்டியிலும் ஆண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் அபிராட்டிரோன் என்ற மாத்திரை 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹக்கின்ஸ் கத்தியால் செய்யப் பார்த்ததை அது வேதியியலால் செய்கிறது. விதைகளை அகற்றுவதற்குப் பதிலாக ஹார்மோன் ஊசி போடும் முறையும் 1980களில் வந்துவிட்டது. இன்றைக்கு உங்கள் தாத்தாவுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை வயிற்றிலோ இடுப்பிலோ ஊசி போடுகிறார்கள் என்றால், 1941இன் அதே தத்துவம்தான்.

1951இல் அலபாமாவைச் சேர்ந்த பென் மே என்ற தொழிலதிபரின் ஆதரவில் சிகாகோவில் அவருக்காகவே ஒரு புற்றுநோய் ஆய்வுக்கூடம் அமைந்தது. பெரிய பட்டாளம் எல்லாம் வைத்துக்கொள்ள மாட்டார். சில பேர் போதும், எல்லாரும் கையால் வேலை செய்ய வேண்டும், இயக்குநர் உள்பட. 1969 வரை அதை நடத்தினார். மார்பகப் புற்றுநோய்க்கும் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பை அங்கேதான் எலிகளில் ஆராய்ந்தார். ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி செல்லுக்குள் இருப்பதைக் காட்டிய எல்வுட் ஜென்சனும் அதே கூடத்தில் வேலை செய்தவர். இன்று ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் என்றதும் ஹார்மோன் ஏற்பி இருக்கிறதா என்று சோதிப்பது அந்தப் பாதையில் வந்ததுதான்.

1966இல் நோபெல் பரிசு. பேட்டன் ரவுஸ் என்ற இன்னொரு ஆய்வாளருடன் பகிர்ந்துகொண்டார். ரவுஸின் கண்டுபிடிப்பு 1911இல் நடந்தது, பரிசு வாங்கும்போது அவருக்கு 87 வயது! அதை நினைத்தால் ஹக்கின்ஸின் 25 ஆண்டுக் காத்திருப்பு ஒன்றுமே இல்லை. புற்றுநோய்க்குப் புழுதான் காரணம் என்று சொன்ன யோஹனெஸ் ஃபிபிகர் என்பவருக்கு 1926ஆம் ஆண்டின் பரிசைக் கொடுத்து, பிறகு அது தவறு என்று தெரியவந்தது. அதன் பிறகு 40 ஆண்டு வரை புற்றுநோய் ஆய்வு எதற்கும் மருத்துவ நோபெல் போகவில்லை. ஹாட்ஜஸுக்கும் கட்மன் தம்பதிக்கும் பரிசு இல்லை. நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய எண் போய் புது எண் வந்தது

அமில பாஸ்பட்டேஸில் ஒரு குறை. நோய் நன்றாகப் பரவிய பிறகுதான் அது பளிச்சென்று ஏறும். சிகிச்சை முடிந்தவருக்கு நோய் லேசாகத் தலைகாட்டும்போதே எச்சரிக்க அதனால் முடியாது. வீட்டுக்குள் புகை நிறைந்த பிறகு அடிக்கும் மணி மாதிரி.

1970களில் பல நாட்டு ஆய்வாளர்கள் புரோஸ்டேட்டுக்கே உரிய புரதங்களைத் தேடினார்கள். 1979இல் நியூயார்க் மாநிலத்தின் ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையக் குழு பிஎஸ்ஏ என்ற புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தது. அடுத்த ஆண்டே அதை ரத்தத்தில் அளந்தது. 1986இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் சோதனைக்கு அனுமதி தந்தது. எதற்கு? ஏற்கெனவே புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களைக் கண்காணிக்க. நோயைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி 1994இல்தான் வந்தது. ஆக, இன்றைக்குப் பலரும் பிஎஸ்ஏவை நோய் கண்டுபிடிக்கும் சோதனையாக மட்டும் நினைத்தாலும், அது முதலில் வேலைக்கு வந்தது ஹக்கின்ஸ் தொடங்கிவைத்த கண்காணிப்புக்குத்தான்.

சரி, வீட்டில் இருக்கும் அந்தத் தாளை எப்படிப் படிப்பது?

முதலில் ஒன்று. பிஎஸ்ஏவைப் புற்றுநோய் மட்டும் சுரப்பதில்லை. நல்ல புரோஸ்டேட்டும் சுரக்கும், விந்தை நீர்க்கச் செய்வது அதன் வேலை. அதனால் எந்தச் சிகிச்சை நடந்தது என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துப் பிரயோசனம் இல்லை.

புரோஸ்டேட்டை முழுதாக அகற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2015இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்குக்குச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் நடந்தது இந்த அறுவை சிகிச்சைதான், உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சுரப்பியே இல்லை என்றால் பிஎஸ்ஏ எங்கிருந்து வரும்? ரத்தத்தில் ஏற்கெனவே இருந்தது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். சில வாரங்களில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். அதனால்தான் அறுவை முடிந்த அடுத்த நாளே சோதிக்காமல் ஆறு வாரமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். பிறகு அது ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, இரண்டாவது சோதனையிலும் அதே அளவோ அதற்கு மேலோ இருந்தால், ரத்த அளவில் நோய் திரும்பியிருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது சோதனை என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.

கதிரியக்கச் சிகிச்சை என்றால் கணக்கு வேறு. சுரப்பி உள்ளேயே இருக்கிறது. எண் மெதுவாக, ஓராண்டு ஈராண்டு எடுத்துக்கொண்டு இறங்கும், பூஜ்ஜியத்துக்குப் போகாமலும் இருக்கலாம். நடுவில் ஒருமுறை கொஞ்சம் துள்ளி ஏறிவிட்டுத் தானாகவே இறங்குவதும் உண்டு. அது நோய் இல்லை. எந்தச் சிகிச்சையும் இல்லாமலே அடங்கிவிடும். இதற்காகவே நிபுணர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: இதுவரை இறங்கிய மிகக் குறைந்த எண் எதுவோ, அதைவிட 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. உதாரணமாக, மிகக் குறைந்தது 0.4 என்றால், 2.4 தொடும்போது.

அறுவை செய்துகொண்ட பெரியப்பாவுக்கு 0.4 என்றால் மருத்துவர் அழைத்துப் பேசுவார். கதிரியக்கம் எடுத்த பக்கத்து வீட்டு அங்கிளுக்கு அதே 0.4 என்றால் நல்ல செய்தி. வாட்ஸ்அப்பில் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துக் கலங்குபவர்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

எண் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக இரட்டிப்பாகிறது என்பதை மருத்துவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். மூன்று மாதத்தில் இரட்டிப்பானால் அவசரம். இரட்டிப்பாக ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் புரோஸ்டேட்டை அகற்றிக்கொண்ட ஏறக்குறைய 2,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. பிஎஸ்ஏ ஏறத் தொடங்கிய பிறகு, நோய் வேறு இடங்களுக்குப் பரவியது ஸ்கேனில் தெரிய இடைநிலைக் கணக்கில் 8 ஆண்டு ஆனது. எட்டு ஆண்டு! எண் ஏறியது என்றால் நாளைக்கே எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை.

இந்த இடைவெளி வரமா, சாபமா? இரண்டும்தான். நோய் சிறிதாக இருக்கும்போதே கதிரியக்கம் கொடுத்து முழுதாகத் துடைத்தெறிய ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டும் புதுவகை பெட் ஸ்கேனும் இப்போது உண்டு. ஆனால் உடம்பில் ஒரு வலியும் இல்லாத மனிதர், ஆண்டுக்கணக்கில் அடுத்த சோதனைத் தேதியை நினைத்துத் தூக்கம் கெடுவதும் இந்தச் சோதனையால்தான். அப்பாக்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். ரத்தப் பரிசோதனைக்கு முந்தின வாரம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். கூடப் போய் உட்காருங்கள். முடிந்தால் எப்போதும் ஒரே சோதனைக்கூடத்தில் எடுக்கச் சொல்லுங்கள், கருவிக்குக் கருவி கொஞ்சம் வித்தியாசம் வரும். பழைய எண்களைத் தேதியோடு ஒரே தாளில் எழுதி வையுங்கள். மருத்துவருக்கு வேண்டியது அந்த வரிசைதான்.

ஹக்கின்ஸ் என்ன ஆனார்? இயக்குநர் பதவியை விட்ட பிறகும் சோதனைக்கூடத்தை விடவில்லை. 1972 முதல் 1979 வரை தான் படித்த அகேடியா பல்கலைக்கழகத்துக்கு வேந்தராக இருந்தார். 1983இல் மார்கரெட் காலமானார். 1997 ஜனவரி 12ஆம் தேதி, 95 வயதில், சிகாகோவில் ஹக்கின்ஸின் உயிர் பிரிந்தது. பென் மேயின் பெயரில் புற்றுநோய் ஆய்வுத் துறை அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது.

அதற்குள் மருத்துவமனைகளில் அமில பாஸ்பட்டேஸ் சோதனையைக் கேட்பவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். எல்லாரும் பிஎஸ்ஏவுக்கு மாறியாயிற்று. பழைய நொதி மட்டும் 2010இல் வேறு வேடத்தில் ஒருமுறை திரும்பி வந்தது. முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அந்த ஆண்டு அனுமதி பெற்ற ஒரு தடுப்பாற்றல் சிகிச்சை, நோயாளியின் சொந்த வெள்ளணுக்களுக்கு எதிரியை அடையாளம் காட்ட அதே அமில பாஸ்பட்டேஸைத்தான் பயன்படுத்துகிறது.